ஒற்றைக்காலில் நின்ற வண்டி

உலகத்தில் தன்னைத் தவிர இன்னொரு மனிதன் இருக்கிறான், அவனுக்கும் இரண்டு கைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமலே வாழ்ந்துவிட முடியும் என்று நிரூபித்த ஆள் ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில் இருக்கிறார். அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டு வரி ரசீதோடு சரி. ஊருக்கு அவர் ‘நானே அண்ணாச்சி’. யார் எந்த உதவிக்கு வந்தாலும், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே "வேண்டாம் வே, நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவார். சொல்லிச் சொல்லி அந்த ‘நானே’யே பெயராக ஒட்டிக்கொண்டது.

சலூனுக்குப் போக மாட்டார். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வார். முன்பக்கம் பார்த்தால் தாசில்தார் போல இருப்பார். பின்பக்கம் கோழி கிளறிய இடம் போல இருக்கும். ஒருமுறை கடைவாய்ப் பல் வலித்தபோது டாக்டரிடம் போகாமல், பல்லில் நூலைக் கட்டி மறுமுனையைத் தன் பைக்கின் கிக்கரில் கட்டி ஓங்கி உதைத்தாராம். நூல் அறுந்தது. பல் வரவில்லை. அதுவரை ஒரு வாரமாக ஸ்டார்ட் ஆகாமல் கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. வந்த லாபத்தை விடுவானேன் என்று அப்படியே கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாராம்.

பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் செய்தாலும் பரிசோதனை எழுதும் முறையில்தான் செய்வார். அவர் ரசம் வைப்பது மாடியில் எனக்குக் கேட்கும். "நோக்கம், ரசம். தேவையான பொருள்கள், தக்காளி, மிளகு, பெருங்காயம்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்புறம் செய்முறை. கடைசியில் முடிவு என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. ருசி பார்க்கிறார் என்று அர்த்தம். பிறகு, "பரவாயில்ல" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் மனைவி கோமதி அதற்கு முந்தைய தை மாதம் இறந்துபோயிருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. முன்னறையில் பிளாஸ்டிக் மாலை போட்ட படமாகத்தான் தெரியும்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன். மதுரையிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்திருந்தேன். எனக்குப் பெண் பார்க்கும் வேலையை வீட்டார் ஒருவழியாகக் கைகழுவிய வருஷம் அது. ஆபீஸ் முடிந்து பார்சலோடு மாடியேறினால் மறுநாள் காலை வரை பேச்சுத்துணை கிடையாது. பின்தெருவில் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். ஊரே ஏதோ பேசிக்கொள்வது போலவும், என்னை மட்டும் சேர்த்துக்கொள்ளாதது போலவும் இருக்கும்.

இந்த நிலையில்தான் அண்ணாச்சி வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றினார்.

அது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. கியர் பெட்டிக்குத் தனி ஆயில். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். போல்ட்டைப் பூட்டிவிட்டு மேலே புது ஆயிலை ஊற்ற வேண்டும். வலது பக்கத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. ஊற்ற ஊற்ற அந்தத் துளையில் ஆயில் எட்டிப் பார்த்தால் அளவு சரி, துளையை மூடிவிடலாம். வேலை இவ்வளவுதான். வருஷக்கணக்காக அதை வாசலில் வைத்துத் தானே செய்கிறவர் அவர்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் தோசை அளவுக்கு ஆயில் கிடந்தது.

"வாஷர்" என்றார் அண்ணாச்சி. அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார். போல்ட்டைக் கழற்றினால் ஆயில் எல்லாம் வடிந்துவிடுமே, மறுபடி ஊற்றினார். மறுநாள் தோசை ஊத்தப்பமாக இருந்தது.

"சீல்" என்றார். கியர் தண்டில் இருக்கும் ரப்பர் சீலை மாற்றினார். மறுபடி வடித்தார், ஊற்றினார், ஒழுகியது. அப்புறம் பக்கத்து மூடியின் பேக்கிங்கை மாற்றினார். தெரு முக்கில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குக் கை துறுதுறுவென்றிருந்தது.

"அண்ணாச்சி, இங்கன தள்ளிட்டு வாங்க. ஒரு டீ குடிக்கித நேரத்துல பாத்துருதேன்."

"நீரு டீயக் குடியும் வே. வண்டிய நானே பாத்துக்கிடுதேன்."

நானும் என் பங்குக்கு மாடியிலிருந்து, "யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கு அண்ணாச்சி, போட்டுத் தரவா?" என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்தார். "எவனோ அவன் வண்டிய நோண்டுததை நான் எதுக்குவே பாக்கணும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் செல்விக்குச் செய்தி போய்விட்டது. அண்ணாச்சி எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தெருவே கேட்டது.

"எப்பா, ஒரு ஆயில் மாத்த முடியல ஒங்களால. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா அங்கன? வண்டியக் குடுத்துட்டு என்கூட வந்துருங்க."

"நான் எதுக்குட்டி அங்க வரணும்? இங்க எனக்கு என்ன குறை?"

"அம்மாவும் இல்ல. நீங்க மட்டும் அந்த வீட்டுல..."

அண்ணாச்சி அவசரமாகக் குறுக்கிட்டார். "இந்தா பாரு. ஆடித் தவசுக்கு நீ வருவேல்லா? அன்னைக்கு வண்டிக்கு அடியில ஒரு சொட்டு கிடந்தாலும் நான் ஒன்கூட வாரேன். பெட்டிய நானே கட்டுதேன். சொட்டு இல்லன்னா இந்தப் பேச்ச எடுக்கப்பிடாது. சரியா?"

"சரி" என்றாள் செல்வி. எதிர்வீட்டுத் தையல்கார அக்காவும் ஜன்னலிலிருந்து "சரி" என்றாள்.

அன்றிலிருந்து அது பைக் ரிப்பேராக இல்லை. மனிதர் இந்த ஊரில் இருக்கப் போகிறாரா, மகள் வீட்டு ஏழாம் மாடியில் டீவிக்கு முன்னால் உட்காரப் போகிறாரா என்ற வழக்கு ஆகிவிட்டது. ஆயில் எந்த இடத்திலிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

தினசரி காலண்டர் தாள்களை வண்டிக்கு அடியில் வரிசையாகப் பரப்பினார். சொட்டு எந்தத் தாளில் விழுகிறதோ அதற்கு நேர் மேலே குற்றவாளி. காலையில் பார்த்தால் எல்லாத் தாளிலும் விழுந்திருக்கும். மேஷத்துக்கு நன்மை என்ற இடத்திலும் ஆயில், கன்னிக்குக் கவலை என்ற இடத்திலும் ஆயில். "ஒரு ராசிய விடலையே வே" என்று உட்கார்ந்துவிட்டார்.

சூடானால்தான் ஒழுகுகிறதோ என்று அடுத்த சந்தேகம். வண்டியை ஓட்டிச் சூடாக்கிப் பார்க்க ரத வீதிகளைச் சுற்ற ஆரம்பித்தார். அதுவோ கோயிலில் தவசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய நேரம். சனங்கள் ஆடிச்சுற்று என்று கோயிலை நூற்றுக்கணக்கில் சுற்றி வருகிறார்கள். அவர்களுக்கு நடுவில் இவரும் புகைவிட்டுக்கொண்டு சுற்றுகிறார். பூக்கடைக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வண்டியில சுத்துனா அம்பாள் கணக்குல வராது, எறங்கி நடங்க" என்றாள்.

"நான் அம்பாளுக்குச் சுத்தலம்மா, சீலுக்குச் சுத்துதேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனார்.

கடைசியாக எடுத்ததுதான் பிரம்மாஸ்திரம். "நோக்கம், ஒழுகும் இடத்தைக் காணல்" என்று ஆரம்பித்தார். எஞ்சினைப் பெட்ரோல் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடியைத் தூவினால், ஆயில் கசியும் இடத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கும். நல்ல யோசனைதான். பவுடர் டப்பாவில் பவுடர் தீர்ந்துபோயிருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் கோயில் திருநீற்றுப் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. தூவிவிட்டார். இடப்பக்கம் முடிவதற்குள் அதுவும் தீர்ந்தது, வலப்பக்கத்துக்கு மைதா.

"என்ன அண்ணாச்சி, பாதிக்குப் பாதி?" என்றேன்.

"ஊர்ச் சாமியே பாதி சிவன், பாதி பெருமாள். இது என் வண்டி. உமக்கு என்னவே?"

விடிகாலையில் ஆடிச்சுற்றுக்குப் போன பெண்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போனார்கள். வாசலில் உடம்பெல்லாம் திருநீறோடு ஒரு வண்டி நிற்கிறது. வேண்டுதலாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? முதலில் வந்தவள் கும்பிட்டாள். அடுத்தவள் ஹெட்லைட்டில் குங்குமம் வைத்தாள். யாரோ ஹேண்டில்பாரில் கதம்பத்தைச் சுற்றிவிட்டார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பாதகமில்லை. ஆளுக்கு ஒரு விரல் எஞ்சினிலிருந்து திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்து வந்தபோது ஒழுகலின் தடயம் அத்தனையும் சிவகிரிக்காரிகள், பனவடலிசத்திரத்துக்காரிகள் நெற்றிகளில் ஏறிக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

தெரு சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கதம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தவசுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதர் போய்விட்டால் சாயங்காலம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்க எனக்கு யார் இருக்கிறார்கள்? அவருக்காகக் கவலைப்பட்டேனா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தவசன்று காலை செல்வி வந்து இறங்கினாள். ஊர் கொள்ளாத கூட்டம். அம்பாள் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த நாள். அண்ணாச்சி வீட்டு வாசலில் வண்டியும் சைடு ஸ்டாண்டில் ஒற்றைக்காலில்தான் நின்றது. அடியில் அன்றைய தேதித் தாள். அதன்மேல் ஆயில்.

செல்வி குனிந்து தாளைப் பார்த்தாள். அண்ணாச்சி உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய சூட்கேஸ். பூட்டு சரியில்லாமல் சணல் கயிற்றால் நாலாபக்கமும் கட்டியிருந்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார். "சாயங்காலம் அம்பாளுக்குச் சாமி காட்சி குடுக்குததப் பாத்துட்டுக் கிளம்பிருவோம். வண்டிய முக்கு மெக்கானிக்கே எடுத்துக்கிடட்டும்."

அவர் ஒன்றை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்கச் சகிக்கவில்லை.

செல்வி பெட்டியைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தாள்.

"எப்பா, ஆயில் எப்படி ஊத்துனீய?"

"எப்பவும் போலத்தான். துளையில எட்டிப் பாக்குத வரைக்கும்."

"வண்டி எப்படி நின்னுச்சு?"

"எப்படி நிக்கும்? இந்தா, இப்படித்தான் நின்னுச்சு. சைடு ஸ்டாண்டுல."

"அம்மா இருக்கும்போதும் இப்படித்தான் நிக்குமா?"

அண்ணாச்சி வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

செல்வி என்னிடம் சொன்னாள். வண்டியின் சென்டர் ஸ்டாண்ட் ஒடிந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். ஆயில் மாற்றும் நாளில் அம்மாதான் முன்னால் நின்று இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நேராக நிமிர்த்தி வைத்திருப்பாராம். ஆயில் நாற்றம் ஆகாதென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் ஊத்துங்க, அடுப்புல பால் கெடக்கு" என்று திட்டிக்கொண்டே நிற்பாராம். அப்பா தலையைக் குனிந்து துளையையே பார்த்துக்கொண்டிருப்பாராம். எதிரில் நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்ததே இல்லையாம்.

விஷயம் எனக்கே விளங்கிவிட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றால் வலது பக்கத் துளை மேலே தூக்கிக்கொள்ளும். அதில் எட்டிப் பார்க்கும் வரை ஊற்றினால் உள்ளே ஆயில் அளவுக்கு மேல் போய்விடும். ஓடிச் சூடானதும் மிச்சமெல்லாம் மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாகப் பொங்கி, எஞ்சின் முழுக்க வழிந்து, கீழே சொட்டும். வாஷர், சீல், பேக்கிங் யார் மேலும் குற்றமில்லை. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் மனிதர் அதே ஒற்றைக்காலில் நிறுத்தி ஊற்றியிருக்கிறார்.

அண்ணாச்சி ஹேண்டிலைத் தொட்டார். பிறகு மெதுவாக, "தேவையான பொருள்கள்ல ஒண்ணு விட்டுப்போச்சு வே" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்சம் பிடிக்கீயளா?" என்றாள் செல்வி என்னிடம். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். ‘நானே’ என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முன்னால் போய் நின்று ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நிமிர்த்தினேன். நினைத்ததைவிடக் கனம். எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை வைத்து யாரும் கூப்பிட்டு நாளாகிவிட்டது. சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி குனிந்து துளையின் திருகாணியைக் கழற்றினார். ஆயில் குபுகுபுவென்று கிண்ணத்தில் கொட்டியது. கொட்டி, மெலிந்து, சொட்டாகி நின்றது. மூடினார். துடைத்தார். ரத வீதியில் அன்று எறும்பு நுழைய இடமில்லை, பைபாஸ் பக்கமாக ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். அடியில் புதுத் தாளை விரித்துவிட்டு மூவரும் கோயிலுக்குப் போனோம். அம்பாளைப் பார்க்கிறபோது நான் காலண்டர் தாளுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது தாள் சுத்தமாக இருந்தது. தேதி, கிழமை, ராசிபலன், எல்லாம் அச்சு அடித்தபடியே.

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு தானே உட்கார்ந்து சூட்கேஸின் சணல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அப்பா போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீயே அவுறு, நீயே அவுறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இப்போது விருதுநகரில் இருக்கிறேன். மாற்றலாகி வந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. இங்கேயும் மாடி அறைதான், இங்கேயும் பார்சல்தான். அவ்வப்போது போன் வரும். ஸ்பீக்கரில்தான், தெருச் சத்தமெல்லாம் கேட்கும்.

"வே, ஆயில் மாத்துத நேரம் வந்துட்டு. ஞாயித்துக்கிழமை வாரீரா?"

உலகத்தில் எந்த வண்டிக்கும் இத்தனை அடிக்கடி கியர் ஆயில் மாற்றத் தேவையில்லை. இது எனக்கும் தெரியும், இருபது வருஷத்துக்கு மேல் வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியாதா? போன தடவை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது முக்கு மெக்கானிக் என்னை நிறுத்தி, "அந்த சென்டர் ஸ்டாண்டுல ஒரு வெல்டு வச்சாப் போதும் சார், ஆளே வேண்டாம். நீங்களாவது சொல்லப்பிடாதா?" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அன்றும் வாசலில் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி ஆயில் டப்பாவைத் திறந்தவர், குனியாமல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உமக்கு ஒண்ணும் அவசரமில்லையே வே?"

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "மெதுவா ஊத்துங்க."